வேலை இருக்கும்வரை படிப்பு

சாரை நினைத்தால் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்தான் முதலில் வருகிறது. அவருக்கு முன்னால் இரண்டு தாள்கள். ஒன்று எங்கள் தொழிலாளர்களுக்கான பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம் அனுப்பிய வகுப்பு அட்டவணை. மற்றது எங்கள் ஷிப்ட் அட்டவணை. பல்கலைக்கழகத்தின் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எங்கள் ஷிப்டுகளுக்கு நடுவே கிடந்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. பக்கத்தில் அவருடைய தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

மலேசியாவில், புக்கிட் பெருந்துங்கில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அவர் பயிற்சி மேலாளர். நான் லைன் லீடர். ஒரு வரிசை இயந்திரங்களும் அவற்றில் வேலை செய்யும் பெண்களும் என் பொறுப்பு. முன்பு நடந்த ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் நான் தூங்கிவிட்டேன். வகுப்பெடுக்க வந்தவர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது, “நைட் ஷிப்ட் முடிச்ச ஆளக் காலையில கொண்டாந்து உக்கார வச்சா தூங்காம என்ன செய்வாங்க?” என்று திருப்பிக் கேட்டேன். அது சாருடைய காதுக்குப் போயிருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று காத்திருந்தவளை உணவுக்கூடத்துக்கு அழைத்து, எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“எந்த நேரத்தில படிக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது. நீர்தான் சொல்லும்” என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். என் அம்மா பிறந்ததும் அதே பகுதியில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான். கிராணி வீட்டுப் பிள்ளை எங்களுக்காகப் பட்டப்படிப்பு ஒன்றைத் தயார் செய்கிறார் என்று நான் வீட்டில் சொன்னதும், அம்மா அரிந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள். “ஒங்க தாத்தா அன்னாட வேலைக்குப் பேரு போட அவங்க ஆபீஸ் வாசல்ல எவ்வளவு நேரம் நின்னுருக்காரு தெரியுமா? இப்ப அவங்க ஒனக்கு டிகிரி குடுக்கப் போறாங்களா? பாத்துக்க லா” என்றாள். சாரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருநாள் அவரே சொன்னார், எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்தும் மேலே படிக்க முடியாமல் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தம் அப்பாவின் அலுவலக வாசல் ஞாபகம் வருகிறது என்று. அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர் என் தாத்தா என்பதை அவருக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

படிப்பை அவர் உருவாக்கிய விதம் அழகானது. கசப்பு எவ்வளவு இருந்தாலும் இதை மறுக்க மாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்த நாளில் வகுப்பு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பாடத்தை அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் செய்யும் வேலையே பாடம். என் வரிசையில் ஏன் இத்தனை பாகங்கள் கழிவாகின்றன என்று நான் ஆராய்ந்து எழுதியதுதான் எனக்குப் புள்ளியியல் தேர்வு. பள்ளியில் கணக்கைக் கண்டு அழுதவள் நான். அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்த அன்று, கழிப்பறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்து முகம் கழுவிவிட்டு மறுபடியும் இயந்திரத்துக்குப் போனேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மகள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

படிப்பு தொடங்குவதற்கு முன், பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் ஒப்பந்தம் பேசிய கூட்டத்தில் சார் ஒன்றைக் கேட்டார். படிக்கிறவர் வேறு கம்பெனிக்குப் போனாலும், வேலையே போனாலும், படிப்பு அவரோடு போக வேண்டும் என்றார். தொழிற்சாலை இயக்குநர் சிரித்தாராம். “நாங்கள் வளர்த்து அடுத்த கம்பெனிக்குத் தாரை வார்க்கவா?” பல்கலைக்கழகத்தின் திட்ட அதிகாரியும் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கு முதல் கூட்டாளி நிறுவனம் கிடைத்திருந்த நேரம் அது. அந்த விதி இல்லாமலே ஒப்பந்தம் கையெழுத்தானது. சார் இதை எங்களிடம் மறைக்கவில்லை. உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். “கம்பெனி ஓடுற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார். கம்பெனி ஓடாமல் எங்கே போகப்போகிறது என்று நாங்களும் நினைத்தோம்.

படிப்பின் மூன்றாம் ஆண்டில் கம்பெனி வேறு நாட்டுக்குப் போனது. கார்ப் பாகங்களை அங்கே இன்னும் மலிவாகச் செய்யலாமாம். இயந்திரங்களைக் கழற்றி லோரியில் ஏற்றியபோது, என் வரிசைப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழப்பீடு கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். திட்ட அதிகாரி மிகவும் கனிவாகத்தான் பேசினார். நான் இப்போது கூட்டாளி நிறுவனத்தின் ஊழியர் இல்லை, அதனால் மாணவியும் இல்லை என்றார். பொதுப் பாடங்களை வேறு படிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்; வேலைத்தளப் பாடங்கள் அந்த வேலைத்தளத்தோடு சேர்ந்தவை என்றார். என் புள்ளியியல் அந்த லோரியில் ஏறிப் போய்விட்டது என்பதை எனக்குப் புரியவைக்க அவர் எவ்வளவோ பாடுபட்டார்.

சாருக்கும் வேலை போயிருந்தது. ஆனாலும் எங்கள் படிப்பைத் தொடர இடம்கொடுக்க எந்த நிறுவனமாவது முன்வருமா என்று தம் பழைய காரில் அலைந்தார். ரவாங்கில் ஏறி இறங்காத தொழிற்சாலை இல்லை. ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு சுங்கை புரோங்கில் ஒரு நெல் ஆலைக்குப் போனார். தஞ்சோங் காராங் தாண்டியதும் வாய்க்காலின் இரு பக்கமும் பச்சை வயல். நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை. ஆலை முதலாளி வயதான மலாய்க்காரர், நல்ல மனிதர். எங்களுக்குத் தேநீரும் வறுத்த வாழைப்பழமும் கொடுத்தார். சார் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, ஆலையில் வேலை வேண்டுமென்றால் நாளைக்கே வரலாம், பல்கலைக்கழகம் நடத்த மட்டும் தன்னால் ஆகாது என்றார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது சார் வாய்க்கால் ஓரமாகக் காரை நிறுத்தினார்.

“அண்டைக்கு அந்தக் கூட்டத்தில நான் எழும்பி வந்திருக்க வேணும்” என்றார்.

“நீங்க எந்திரிச்சு வந்திருந்தா இந்தப் படிப்பே இருந்திருக்காது சார்.”

“அப்பிடி நினைச்சுத்தான் பேசாமல் இருந்தனான்.”

பிறகு மெதுவாகக் காரை எடுத்தார்.

ஒரு இடமும் கிடைக்கவில்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினோம். நான் ரவாங்கில் ஒரு பேரங்காடியின் கிடங்கில் சேர்ந்தேன். சில காலம் கழித்து, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனோடு போய்விடப்போவதாகச் சார் தொலைபேசியில் சொன்னார். “பிள்ளை, என்மேல கோவமோ?” என்று கேட்டார். இல்லை சார் என்றேன். உண்மையில் கோபம் இருந்தது. இன்னமும் இருக்கிறது. இயக்குநர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. படிப்பு எனக்கு வராது என்று நான் சமாதானமாகி, நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தேன். வரும் என்று காட்டியவர் சார்தான். வரும் என்று தெரிந்துகொண்டு பெட்டிகளை அடுக்குவது, தெரியாமல் அடுக்குவதைவிடக் கடினம். நல்லவர்மேல் வைத்த கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடமும் இல்லை.

சென்ற மாதம், ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்த மகளை ஒரு கல்விக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் முன்னால் நடந்தவள் சட்டென்று நின்று, “மா, அது நீங்கதானே?” என்றாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆளுயரப் பதாகை. நீலச் சீருடையில், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்துகொண்டே பட்டதாரி ஆகுங்கள் என்று மேலே எழுதியிருந்தது. அந்தப் படத்தை யார், எப்போது எடுத்தார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மேசைக்குப் பின்னால் நின்ற இளம்பெண் பதாகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அக்கா, நீங்க நம்ம கிராஜுவேட்டா?” என்று முகம் மலரக் கேட்டாள். மகள் என் வாயையே பார்த்தாள்.

“இல்ல மா. முடிக்கல.”

“பரவால்ல அக்கா, இப்ப கூட சேரலாம் லா. இது ரொம்ப பிளெக்சிபல். எந்த கம்பெனில வேலை செய்றீங்க?”

பேரங்காடியின் பெயரைச் சொன்னேன். அவள் கைபேசியில் தேடினாள். விரலால் மேலும் கீழும் தள்ளி, இன்னொரு தடவையும் தேடினாள். பிறகு நிஜமாகவே வருத்தப்பட்டு நிமிர்ந்தாள்.

“ஸாரி அக்கா. ஒங்க கம்பெனி நம்ம பார்ட்னர் இல்லையே.”