மாவு உண்டு, கவர் கிடையாது

இட்லி மாவுக் கடை வைத்தவர்களுக்கு விடியற்காலைத் தூக்கம் என்பது அடுத்த வீட்டுச் சமாசாரம். காய், கறி, பூ, பால் என்று எதையாவது நிறுத்தோ அளந்தோ கொடுத்துப் பிழைக்கிற என் இனத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "அக்கா, ஒரு கவர் குடுங்க" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள் நீங்கள். என் காதும் அப்படித்தான் இருந்தது.

கடை பெரம்பலூரில், ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர். தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. இனிமேல் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் இந்தக் கடையைப் போட்டோம். கடை ஓடினால் அவர் கிரைண்டர் பக்கத்தில் நிற்பார். ஓடாவிட்டால் மறுபடியும் அரியலூர் பஸ் ஏற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாட்டு வயிற்றிலிருந்து ஒரு போன்

கடை ஆரம்பித்த புதிதில் ஆசை ஆசையாகக் கவரில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் அச்சடித்தோம். பச்சை எழுத்து. வீட்டுக்கு வீடு நம் பெயர் போகட்டும் என்று எனக்குத் தனிப் பெருமை. ஒரு நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஆர்டர் என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக "எத்தனை கிலோ வேணும் சார்?" என்றேன். பேசியவர் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர்.

எங்களுக்குப் பால் ஊற்றும் பழனியம்மாவின் மாடு கொஞ்ச நாளாகத் தீனி எடுக்காமல் வயிறு உப்பிக் கிடந்திருக்கிறது. வயிற்றைத் திறந்தால் பந்து பந்தாகப் பிளாஸ்டிக். புளித்த மாவு வாசனைக்கு, குப்பையில் கிடந்த கவரையெல்லாம் தேடித் தேடித் தின்றிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பச்சை எழுத்து. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நல்லவேளை, மாடு பிழைத்துக்கொண்டது. பழனியம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. டாக்டர்தான் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கவர்ல நம்பர் அடிச்சது நல்லதாப் போச்சும்மா. யாரைக் கூப்பிடணும்னு மாடே காட்டிக் குடுத்துடுச்சு."

ஒரு பட்டன்

மறுநாளே அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: 'மாவு உண்டு, கவர் கிடையாது. பாத்திரம் கொண்டு வரவும்.' வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பயந்தது வீண் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்காமலே அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாத்திரத்தோடு வந்த மீதிப் பேருக்கு வேறு சந்தேகம். சட்டி எடைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறேனாம்.

செட்டிகுளத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி, கனமான எவர்சில்வர் சட்டியைத் தராசில் வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றார். நான் வெறும் சட்டியோடு பட்டனை அழுத்தினேன். தராசு பூஜ்யம் காட்டியது. அவர் நம்பவில்லை. சட்டியை எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தேன். அவர் என்னைச் சட்டை செய்யவே இல்லை. பட்டனைத் தன் விரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்டியில வெங்காயம் போடுறப்பல்லாம் சாக்கு எடை, சாக்கு எடைன்னு கழிச்சானுங்க. ஒரு பய இந்தப் பட்டனைக் காட்டலையேம்மா!"

உப்பு

கவரைக் கைப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். பாத்திரம் மறையாது. இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ஆபீஸ் போகிற ஒரு பெண் வந்து கண் கலங்கும் வரைக்கும். அவள் மாமியார் கடை மாவைத் தொட மாட்டாராம். "நானே அரைச்சதுன்னு சொல்லி வச்சிருக்கேங்கா" என்றாள். கவரில் வாங்கிப்போன மாவைச் சட்டியில் ஊற்றிவிட்டு, கிரைண்டரில் வெறும் தண்ணீரை விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டுவாளாம், சத்தத்துக்காக. பாவமாக இருந்தது. சாப்பாட்டுப் பைக்குள் அடங்குகிற சம்படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஊற்றிக் கொடுத்து வந்தேன்.

சில வாரம் போயிருக்கும். அதே சம்படத்தோடு ஒரு வயதான அம்மா வந்து நின்றார். மூடியில் இருந்த நெளிவை வைத்தே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மாமியார்தான். தெரு இரண்டாகப் போகிறது என்று நான் உள்ளே பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட வாயெடுத்தேன். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்: "மாவுல உப்பு கம்மியா இருக்கு. மருமவகிட்ட சொன்னா சங்கடப்படும். அதான் நேரா உங்கிட்டயே வந்துட்டேன்."

விஜயா யார்?

பாத்திரம் மறந்து வருகிறவர்களை எத்தனை நாளைக்குத் திருப்பி அனுப்புவது? எங்கள் கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்து பரண் மேல் கிடந்த தூக்குகளை இறக்கினோம். மூடி போட்ட, பிடி வைத்த நல்ல தூக்குகள். அவற்றை இரவல் கொடுக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றிலும் கொடுத்தவர்களின் பெயர் வெட்டியிருக்கும். ஓர் ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததில் 'அன்புடன் விஜயா' என்று இருந்தது. நான் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்துவிட்டாள்.

மறுநாள் காலை தூக்கும் கையுமாக அவள் வந்து நின்றாள். பின்னாலேயே ஆட்டோ வந்தது. ஆட்டோவுக்குள் அவர் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். விஜயா என்பது வேப்பந்தட்டையில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய அத்தை, பேரன் பேத்தி எடுத்தவர் என்று தலையில் அடித்துச் சொன்னேன். நம்பினால்தானே! அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயம் புரிந்ததும் அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து டெய்லர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த வயசுல என்னால ஒரு வூட்டுல சண்டையா!" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மாவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னாள்: "இனிமே இவருக்கு ஆம்பளை பேரு வெட்டின தூக்காப் பாத்துக் குடுங்கக்கா."

பானட்டில் தோசை

எங்கள் தெருப் பெண் ஒருத்தியை அரியலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மசக்கை நேரத்தில் எங்கள் கடை மாவில் சுட்ட தோசைதான் வேண்டும் என்று அடம். அவளுடைய அம்மா தினமும் ஒரு தூக்கில் மாவை வாங்கி, அரியலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். அங்கே மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொள்வார். தூக்கு டிரைவர் பக்கத்தில், என்ஜினை மூடியிருக்கும் பானட் மேல் உட்கார்ந்து போகும். சித்திரை வெயில், கீழே என்ஜின் சூடு. ஒரு நாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து, பானட் தகரத்திலேயே வெந்துவிட்டது. அந்த வாசனை கடைசி சீட் வரைக்கும் போயிருக்கிறது.

மறுநாள் கண்டக்டர் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். இனிமேல் முக்கால் தூக்குதான் ஊற்றுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று நான் கெஞ்ச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "ஓரமெல்லாம் நல்லா முறுகலா வந்துச்சுக்கா. அடுத்த தடவை கொஞ்சம் பொடியும் எண்ணெயும் சேர்த்து அனுப்புங்க" என்றார்.

வெறும் தூக்கு

இரவல் போன தூக்கெல்லாம் திரும்பி வருமா என்பது வீட்டுக்காரரின் கவலை. வந்தன. நம் பக்கத்தில் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க யாருக்கும் கை வராதே! ஒரு தூக்கில் முருங்கைக்கீரை, இன்னொன்றில் சின்ன வெங்காயம், வேறொன்றில் அவித்த வேர்க்கடலை என்று வர ஆரம்பித்தது. கவர் கொடுத்த காலத்தில் ஒரு கவராவது இப்படித் திரும்பி வந்ததுண்டா? மாட்டு வயிற்றிலிருந்து வந்ததை நான் சேர்க்கவில்லை.

லப்பைக்குடிக்காட்டு நூர்ஜஹான் அக்கா பிள்ளைகள் படிப்புக்காக எங்கள் தெருவில் வீடு பிடித்திருக்கிறார், அவருடைய வீட்டுக்காரர் துபாயில். நோன்பு மாதம் முழுக்க அவரிடமிருந்து திரும்பிய தூக்கில் கஞ்சி இருந்தது. பெருநாள் முடிந்து ஒரு நாள் திறந்தால், தேனில் குழைத்த கருஞ்சீரகம். "அண்ணன் இருமுறது எங்க வூடு வரைக்கும் கேக்குது" என்றார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்த மருந்தில் இருமல் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. அதைச் சாப்பிட்ட நாளெல்லாம் என் வீட்டுக்காரர் முகம் தெளிவாக இருந்தது.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்கள் சிலரும் தூக்கு வாங்கிப் போவார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்த தூக்கு நல்ல கனம். ஆசையோடு திறந்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். என்னடா இது என்றதற்கு, கொண்டுவந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கக்கா. எங்க ரூம்ல தண்ணிதான் இருந்துச்சு."

திங்கட்கிழமை

இவ்வளவு இருந்தும் வியாபாரம் பழைய நிலைக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர் வரிசையில் ஒரு புது மாவுக் கடை வருவதாக நோட்டீஸ் கொடுத்தார்கள். திங்கட்கிழமை திறப்பு. மாவு கவரில், கூடவே தேங்காய்ச் சட்னி இனாம், அதுவும் கவரில். வீட்டுக்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று என்னிடம் சொன்னார். அதையும் இருமிக்கொண்டேதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவர் மேல், எதிர்க் கடை மேல், அட்டை எழுதித் தொங்கவிட்ட என் மேல். பேசாமல் ஒரு கட்டு கவர் வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பழனியம்மா பால் ஊற்ற வந்தார், நினைப்பை விட்டுவிட்டேன்.

அதற்குள் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. முதல் நாள் சாயங்காலமே தங்கள் வீட்டு வெறும் தூக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் நிரம்பியதை எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் பழக்க தோஷத்தில் காலையில் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தேன். எதிரே வாழைமரம், மைக் செட், ஒரே கூட்டம். கூட்டத்தில் பாதி எங்கள் ஆட்கள். வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் தெருவைத் தாண்டினார்கள். சிலர் கையில் இனாம் சட்னி. எந்தத் தூக்கு யாருடையது என்று வீட்டுக்காரருக்குத்தான் சட்டென்று தெரியும். நான் தடுமாறுவதைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. கூட்டம் குறைந்ததும் அவரே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இல்லிங்க, இங்க ஆள் பத்தல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக நின்றது நூர்ஜஹான் அக்கா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நன்றியை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்: "நன்றியா? சட்னி சும்மா தர்றாங்களேன்னு நானும் அங்கதான் வாங்கலாம்னு கெளம்புனேன். தூக்கை மட்டும் எடுத்துட்டுப் போவோம்னு வந்தா, அதுல நீ மாவை ஊத்தி வச்சிருக்க. கொட்டிட்டா போவ முடியும்?"

கவரை நிறுத்தினால் பூமி பிழைக்கும் என்கிறார்கள். அது பிழைக்கிறபோது பிழைக்கட்டும், என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார்.