என் பேரில் போனவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்கிற சம்மனசு, தேவதூதர்களையே பாதிதான் நம்புவேன், அதற்காக அம்மாவிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். லயத்து வரிசை வீடுகளில் எவனாவது மேட்டுமலையில் முனியைப் பார்த்தேன் என்று வந்து நின்றால், "எந்தக் கள்ளுத் தவறணையில பாத்தே?" என்று கேட்டு அனுப்புகிறவன். நீங்களும் என்னை அப்படித்தான் பார்க்கப்போகிறீர்கள், பாருங்கள், எனக்கொன்றும் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் கடைசி. நானும் தம்பி சவரிமுத்துவும் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், அதாவது முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. அவனுக்கு இடது கைதான் வாட்டம். வலது கைக்காரன் வெட்டினால் வெட்டுவாய் ஒரு பக்கம் சாயும், அவன் வெட்டினால் மறுபக்கம் சாயும். கணக்கப்பிள்ளை மலைக்குக் கீழே நின்று செடி நிரையைப் பார்த்தே, "இது அந்த நொட்டாங்கைப் பய வெட்டு" என்று சொல்லிவிடுவார்.

அவன் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போனான். அங்கே எவனோ ஏஜென்ட் ஆசை காட்டிவிட்டான். ஒரு நாள் ஓடி வந்தான், மூச்சு வாங்குகிறது.

"அண்ணே, உல்லாசக் கப்பலாம்ண்ணே. வெள்ளக்காரங்க சும்மா ஊரு சுத்திப் பாக்குற கப்பலு. சமையக்கட்டுல வேலை. பாஸ்போட்டு இருந்தா அடுத்த மாசமே ஏறிரலாம்ங்கிறாங்க."

"தின்ன தட்டைக் கழுவ மாட்டே. கப்பல்ல போயி கழுவப்போறியாக்கும்!"

சிரித்தான். பாஸ்போட் என்ற சொல் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு வயது வந்திருந்ததால் தனியாக எழுதிப் போட்டு இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கிவிட்டேன். அவன் அப்போது சின்னப் பிள்ளை, அப்பா தன் பேரோடு அவன் பேரையும் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிவிட்டார். அப்பா செத்துப்போனார், அந்தப் பைல் எந்த அரசாங்கக் கந்தோரில் கிடந்து மக்கியதோ தெரியாது. இவன் அந்த நாட்டுக்காரனும் இல்லை, இந்த நாட்டுக்காரனும் இல்லை.

இனி சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், "என் பேர்ல போடா" என்று. பிறப்புச் சான்றிதழ் என்னுடையது, பிரஜாவுரிமைக் கடதாசி என்னுடையது, போட்டோ மட்டும் அவனுடையது. அந்தோணிசாமி என்று என் கையெழுத்தை அவன் இடது கையால் போட்டுப் பழகினான், அதற்கு ஒரு கொப்பியே தீர்ந்தது.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஒரு பேருல ரெண்டு உசிரு நடமாடக் கூடாதுடா."

"ஏம்மா, நம்ம தோட்டத்துல எத்தனை ராமசாமி இருக்கான்!"

"அது அவனவனுக்கு வச்ச பேரு. இது ஒனக்கு வச்சதுல்ல?"

நான் கேட்கவில்லை. அவன் கிளம்பும்போது தன் கம்பளியை மடித்து அம்மா மடியில் வைத்து, "அங்கிட்டு குளிராதாம்மா, நீ போத்திக்க" என்றான். அம்மா அதைப் போர்த்தவே இல்லை, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கடிதம் வரும். அனுப்புகிறவன் அந்தோணிசாமி, வாங்குகிறவனும் அந்தோணிசாமி. தபால் கொண்டுவருகிற ஆள், "ஏன்டா, ஒனக்கு நீயே காயிதம் போட்டுக்கிறியா?" என்று கேலி செய்வார். கடலில் போகிற கப்பலுக்குள்ளே குளம் கட்டி வைத்துக் குளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். நம் தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போகிறார்கள், கழுவுகிற தொட்டியில் ஊற்றும்போது வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தான். ஒரு கடிதத்தில் எழுதியதை மட்டும் நான் இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்:

"அண்ணே, இங்கயும் காலையில பெரட்டு இருக்கு. வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுறாங்க. மொத நாளு ஒன் பேரைக் கூப்புட்டாங்க, நான் பாட்டுக்கு நிக்கிறேன், பக்கத்துல இருந்தவன் விலாவுல இடிச்சான். இப்பப் பழகிருச்சு. ஒன் பேரு காதுல விழுந்தாப் போதும், எங்க இருந்தாலும் பதில் சொல்லிருவேன்."

படித்துவிட்டு எல்லாரும் சிரித்தோம்.

மறு வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எட்டு நாள் எழுந்திருக்கவில்லை, வெந்நீரைக்கூட என் வீட்டுக்காரிதான் வாயில் ஊற்றினாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, புதன்கிழமை என்பது மட்டும் நிச்சயம், சாயங்காலம் கணக்கப்பிள்ளை லயத்துக்கே வந்துவிட்டார். அவர் லயத்துக்கு வருகிற மனிதரே இல்லை. வாசலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது.

"காய்ச்சலோட வந்து முழு நெரையையும் முடிச்சுட்டானே. பேசக்கூட இல்ல. அதான் எப்படி இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாருங்க ஐயா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாருங்க ஐயாவா? ஒன் புருசன்தான்! காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்புட்டேன். இருக்கேங்கன்னு சொன்னான். கம்பளியத் தலையோட போத்திக்கிட்டு நின்னான். பேரு போட்டுட்டேனே!"

"அவுக ஒரு வாரமா எந்திரிக்கவே இல்லீங்களே."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். நான் பாயில் கிடந்தேன், என் கம்பளி என் மேல் கிடந்தது. மனுசன் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தெரியாது. படி இறங்கிப் போய்விட்டார். அம்மா மட்டும் மெல்ல எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டவள் அப்படியே நின்றாள். தம்பியின் கம்பளி நனைந்திருந்தது. "கூரை ஒழுகுது போலடா" என்றாள். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் நான் நம்பவில்லை. மூடுபனியில் வேறு எவனையோ பார்த்துவிட்டு உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் விட்டதும் மலைக்குப் போய் என் நிரையைப் பார்த்தேன். முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரைக்கும் சுத்தமான வெட்டு. ஒவ்வொரு வெட்டுவாயும் மறுபக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் இடது கையால் வெட்டுகிறவன் ஒருத்தன்தான், அவன் கடலில் இருந்தான். செடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார்தான் படித்துச் சொன்னார். காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தோணிசாமி என்று மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள், கப்பலைத் திருப்பிக் கடலிலும் தேடினார்கள், கிடைக்கவில்லை. வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தார்கள். என்றைக்கு என்று கேட்டேன். வாத்தியார் தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, "புதன்கிழமை" என்றார்.

என்னை விடுங்கள். அம்மாவைத்தான் சொல்ல வேண்டும். கடிதத்தை வாங்கி அந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இதுல என் சவரி பேரு எங்கடா இருக்கு?" என்றாள். இல்லையம்மா என்றேன். "அப்ப அவன் சாகல. ஒன் பேருல்ல எழுதியிருக்காங்க, நீ இங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கிறியே." அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. கோயிலில் அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாம் என்றேன், அடிக்க வந்தாள். கந்தோருக்குப் போய் உண்மையைச் சொல்ல எனக்குப் பயம், கள்ளப் பாஸ்போட் என்று உள்ளே வைத்துவிடுவார்களே. செத்ததாக எழுதுவதற்குக்கூட என் தம்பிக்கு அவன் பேர் கிடைக்கவில்லை. அம்மா ஒன்பது வருடம் தபால் வருகிற வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துதான் செத்தாள். அந்த நிரையை நான் கடைசி வரைக்கும் அவளுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

எனக்கு வந்த சாவை அவன் எடுத்துக்கொண்டானா, இல்லை, சாகிற நேரத்தில் அண்ணன் பேர் காதில் விழுந்து இங்கே வந்து நின்றானா, எனக்குத் தெரியாது. சாமியாரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

இப்போது வயதாகிவிட்டது. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பிரஷர் மருந்துக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் பேரைக் கூப்பிட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை, ஒரு மூச்சு பொறுப்பேன். அவன் சொல்லட்டும் என்று. கிறுக்கன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில மாதங்களில் அந்த நர்ஸ் பிள்ளை தலை நிமிராமல் "அந்தோணிசாமி" என்று கூப்பிட்டுவிட்டு, உடனே, "ஆ, சரி ஐயா, வாங்க" என்கிறாள். நான் அப்போது வாயே திறந்திருக்க மாட்டேன்.