விட்ட இடத்திலிருந்து பார்க்க

கைப்பேசிக் கட்டணத்தோடு இணையத்தில் படம் பார்க்கிற சேவையையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில்; படம் ஓடினால் எங்களை யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் கணினியையும் படச் சேவையின் கணினியையும் பேசிக்கொள்ள வைக்க வேண்டும். அவை கோபித்துக்கொள்ளும்போது கோலசிலாங்கூர் அலுவலகத்தில் என் போன் அடிக்கும். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்களே, இந்தப் பக்கம் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிம்பாங் வரை போன டிவி

கெர்லிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேன் ஓட்டுகிறவர் முனியாண்டி அண்ணன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவர் மகள் ஒரு பாட்டுப் போட்டியில் சேர்ந்திருந்தாள். போட்டி இணையத்தில் மட்டும்தான் வரும். சேவையைத் திறக்கக் கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவோம். அவர் வீட்டில் வைஃபை உண்டு, கைப்பேசிக்கு லைன் எட்டாது. எண்ணை வாங்க மோட்டார் சைக்கிளில் பெரிய ரோடு பிரிகிற சிம்பாங் சந்திப்பு வரை போவார். திரும்பி வந்து டிவியில் அடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். முதல் சுற்று இப்படியே போயிற்று.

எண்ணின் ஆயுளைக் கூட்ட மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் டிவியைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றிப் போய், சிம்பாங் கடையில் பிளக் கேட்டு வாங்கி, கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்து அங்கேயே சேவையைத் திறந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் பாடியதைக் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டோம்மா, நல்லாத்தான் பாடுறா. அவ ஒரு நாளு வீட்டுக்கு வந்தா இவ்வளவு செரமம் இல்லாம பாத்துடலாம்லா."

வீட்டு ஆள்

தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு ஒரே மகன், மெல்பர்னில் வேலை. வாப்பாவும் மகனும் ஒரே கணக்கில் ஒரே தொடரைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் போனில் வாதாடுவார்கள். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்ற விதி வந்ததும், 'இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று மகனைத் துண்டித்துவிட்டது எங்கள் கணினி. அங்கேயே தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அந்த நாட்டில் அந்தத் தொடரைக் காட்ட உரிமை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. போன் பேச்சு 'சாப்பிட்டியா'வோடு முடிந்துவிடுகிறது என்றார் பாய். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அவர் கடைக்குள் தலைகாட்டவே தயக்கமாக இருந்தது. அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சூடாகத் தே ஆற்றிக் கொடுத்தார்.

"இப்ப நான் பாத்துட்டு அவனுக்குக் கதை சொல்றேன்மா. அதுல இல்லாததையும் சேத்துச் சொல்றேன், அப்பதான் அவன் போன வைக்க மாட்டேங்குறான்."

மாரிமுத்துவின் பக்கம்

ஈஜோக்கில் இருக்கும் சரசு அக்காவின் கணவர் மாரிமுத்து, செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். அவர் தவறிய பிறகு லைனைத் தன் பெயருக்கு மாற்ற அக்கா வந்தார். மாற்றினால் படச் சேவையில் கணவர் பெயரிலிருக்கும் பக்கம் அழிந்துவிடும், புதிதாக ஒன்று தருவோம் என்று வழக்கம்போல விளக்கினேன். அக்கா கொடுத்த பத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இருவரும் ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அது பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கம் போய்விடும் என்றால் பெயர் மாற்றமே வேண்டாம் என்றார். ஆனால் இறந்தவர் பெயரில் லைனை ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது.

படச் சேவை அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த பிரீத்தியிடம் கேட்டேன். பழைய எண் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தை அக்காவின் எண்ணுக்கு நகர்த்தலாம் என்றாள். எங்கள் கணினியோ பெயரை மாற்றுவது, பழைய பக்கத்தை அழிப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து முடித்துவிடும். முதலில் பக்கம், அப்புறம் பெயர் என்று கையாலேயே பிரித்துச் செய்ய மேலாளரின் சம்மதத்தை வாங்கினேன். ஈஜோக்குக்கே போய் அவருடையது, அக்காவுடையது என இரண்டு கைப்பேசிகளையும் மேசைமேல் வைத்து வேலையைத் தொடங்கினேன். டிவியில் வட்டம் சுற்றியது. அக்கா சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு 'மாரிமுத்து' என்ற பெயர் வந்தது. அதன் கீழே அந்தத் தொடர், எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் சிவப்புக் கோடு நின்ற இடத்திலேயே.

இனி மீதியைப் பார்க்கலாமே அக்கா என்றேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"பாக்கணும்னா எப்பவோ பாத்திருப்பேன் தங்கச்சி. அவரு நிறுத்துன எடம் அப்படியே இருக்கட்டும்."

படம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வராமல் இருப்பது ஆள்தான் என்பதை எங்கள் கணினியில் எந்தக் கட்டத்தில் பதிவு செய்வது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லித் தரவில்லை.