மூக்கில்லாத டீமேக்கர் சொன்ன சாட்சி

1. பெல்ட் கருகிய நாள்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் டீமேக்கராக இருந்தேன். டீமேக்கருக்கு மூக்குதான் சோறு போடும். அரைத்த இலையை, அது நொதித்துப் பதமாகும் பெர்மென்டிங் தரையில் பரப்பி, குனிந்து குனிந்து மோந்து பார்க்க வேண்டும். பச்சை வாடை போய்ப் பழ மணம் எழும்போது, சூட்டில் உலர்த்தும் ட்ரையருக்கு விடச் சொல்ல வேண்டும். பிந்தினால் டீ புளித்துவிடும். கடிகாரத்தை நம்ப முடியாது. மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி.

தேயிலை விலை விழுந்து, பக்கத்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய காலம் அது. அப்போது பார்த்து ஒரு காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கே போவது? வீட்டில் கெட்டுப்போன மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். சளி என்று சமாளித்தேன்.

எங்கள் சபையில் சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள். நானும் ஆண்டவரிடம் பேரம் பேசினேன்: மூக்கைத் திருப்பித் தாரும், சாட்சி சொல்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். மூக்கு வரவில்லை. புளித்த டீ ஏலத்தில் போகாமல் திரும்பி வந்ததுதான் மிச்சம். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஃபேக்டரியைப் பூட்டவேண்டியதுதான் என்றார் மேனேஜர்.

ஒரு நாள் ட்ரையர் பெல்ட் கருகியது. புகை கிளம்பும் முன்பே நாற்றம் பரவி, ஆட்கள் அங்கே ஓடினார்கள். நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் இலையை மோந்துகொண்டு நின்றேன். இலை பரப்பும் பழனியம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள். மத்தியானம் தனியாக வந்து சொன்னாள்.

"டீமேக்கர் ஐயாவுக்கு மணம் புடிபடல. பயப்படாதீங்க. நான் மோந்து பாக்குறேன். பதம் வந்ததும் தொண்டய செருமுறேன்."

2. செருமல்

இரண்டு மாதம் அவள் செருமினாள், நான் "விடு" என்றேன். டீ தேறியது. ஏலத்திலும் போனது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

"உங்க மூக்கு இருக்கற வரைக்கும் ஃபேக்டரிய மூட மாட்டேனுங்க."

பழனியம்மாள் தலை நிமிராமல் இலையை வாரிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆண்டவர் உதவியை அனுப்பிப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார். நானோ அவளை ஒளித்துவைத்துவிட்டு, இன்னும் மூக்கு கேட்டு முட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என் மூக்கு இல்லீங்க, பழனியம்மாளோடது," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப புளிச்ச டீ அத்தனையும் உங்களாலதானுங்களா?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க."

பழனியம்மாள் பெர்மென்டிங்குக்குப் பொறுப்பானாள். என்னை மெஷின் பார்க்கும் ஆளாக இறக்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனோம். எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

3. ஞாயிறு

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். "எனக்கு இன்னும் மணம் தெரியலீங்க. ஆனாலும் சாட்சி சொல்லோணும்," என்றேன். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவள் சர்ச்சுக்கு வருகிறவள் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஆமென் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறையை மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்துவைத்திருக்கும் இடத்துக்கே ஆண்டவர் ஆள் அனுப்பியிருப்பார்.

என் மூக்கு இன்றுவரை வரவில்லை. அதைக் கேட்டு ஜெபிப்பதை நான் நிறுத்தவும் இல்லை. பேரம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.