குன்னூர் கண்காட்சியில் ஒரு பல்வலி

நேற்று ஊட்டியில் குறும்படங்கள், இன்று குன்னூரில் புகைப்படக் கண்காட்சி.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெரிய படம் ஒன்றைக் காட்டி, "இந்தக் கண்களில் மலையின் ஆதி மௌனம் தெரிகிறது" என்று விளக்கிக்கொண்டிருந்தார் புகைப்படக் கலைஞர்.

பின்னாலிருந்து ஓர் அம்மா சொன்னார்: "ஏனுங்க, அது நானுங்க. அன்னிக்குப் பல்வலி, பேசவே முடியலீங்க."

கீழ் கோத்தகிரியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். படம் எடுத்த அன்று கலைஞர் தருவதாகச் சொன்ன பிரதியைக் கேட்டார்.

கலைஞருக்கு அடையாளமே தெரியவில்லை. "கெஸ்ட் வர்ற நேரம்மா, வெளிய நில்லுங்க" என்றார்.

"படத்தக் குடுங்க, போயிடறனுங்க." அந்த அம்மா நகரவில்லை.

கடைசியில் கலைஞர் ஓர் அழைப்பிதழை நீட்டினார். அதில் இந்த அம்மாவின் படம். கீழே கலைஞரின் பெயர் மட்டும்.

அம்மாவின் பெயரை நான் கேட்டேன். சரோஜாவாம். கேட்க இரண்டு நொடிகூட ஆகவில்லை.

கலைஞர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.