சிலாபத்திலிருந்து வந்த தம்பி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோமே தவிர, எந்தப் பதிவிலும் அந்தப் பெயர் கிடையாது. ஒரு விரிவுரையாளர் தன்னுடைய பொறுப்பில் வகுப்பறைத் திறப்பை வாங்கித் தருவார். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஏதாவது ஒரு வகுப்பறையில் கூடுவோம். பாட்டைத் தாழ்ந்த குரலில்தான் பாடுவோம். மதம் மாற்ற வந்த கூட்டம் என்று வெளியே சிலர் எங்களைப் பற்றிக் கதைத்துத் திரிந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எதற்காக நாலு பேர் கூடினாலும் விசாரிக்க ஆள் இருந்தது.

நான் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். வீட்டில் செபமாலை சொல்லி வளர்ந்த எனக்கு, சொந்தச் சொற்களால் வாய்விட்டுச் செபிக்கக் கற்றுத் தந்தது அந்த ஐக்கியம்தான். பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் முல்லைத்தீவிலிருந்து வந்தவள். என்னுடைய வகுப்பு. யுத்தத்தின் கடைசி நாட்களில் அப்பாவையும் தம்பியையும் ஒரே ஷெல்லில் இழந்தவள். அதைப் பற்றி அவள் யாருடனும் கதைப்பதில்லை.

நாங்கள் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு சிங்களப் பெடியன் வந்து நின்றான். சிலாபத்தைச் சேர்ந்தவன். அவனுடைய தகப்பனும் கடலுக்குப் போகிறவர்.

"நானும் கிறிஸ்தவன். உள்ளே வரலாமா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள்தான் வாங்கில் தள்ளியிருந்து இடம் விட்டாள். "வா தம்பி, இதிலை இரு."

அதன்பிறகு அவன் ஒரு வெள்ளியும் தவறவில்லை. பாட்டுக்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துப் பாடினான். அவனுக்கு ழகரம் வரவில்லை. அவள் நீர்வேலி வாழைப்பழம் ஒன்றை வாங்கி வந்து கையில் கொடுத்து, சரியாகச் சொன்னால்தான் தின்னலாம் என்றாள். அன்றைக்கு எப்படியோ சொல்லித் தின்றுவிட்டான். அடுத்த கிழமை, ஆண்டவரே என் பலம் என்று வரும் இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே என் பழம்" என்று உருக்கமாகப் பாடினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

எங்கள் வகுப்புப் பெடியள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "உங்கடை கூட்டத்துக்குச் சிங்களவனும் வாறானாம். ஆரெண்டு விசாரிச்சுத்தான் சேர்த்தனீங்களோ?" என்று கேட்டார்கள். விடுதியில் அவனுடைய நண்பர்களும் அவனிடம் அதே மாதிரித்தான் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் வளாகத்தில் இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் அடிபாடு வந்தது. சிங்கள மாணவர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பி வருவானோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். விடுமுறை முடிந்து முதல் வெள்ளியே வந்துவிட்டான். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கினான்.

மே மாதம் வந்தது. யுத்தம் முடிந்த மாதம் என்பதால், அதில் செத்தவர்களுக்காக நாங்கள் ஒவ்வொரு மேயிலும் அமைதியாகச் செபிப்பது வழக்கம். அந்தமுறை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நல்ல தமிழ், மரியாதையான குரல். "தம்பி, சும்மாதான் கேக்கிறன். இந்தக் கிழமை ஏதும் செய்யிறியளோ? ஆர் ஆர் வருவினம்?" என் பெயரும் வீடு இருக்கிற ஒழுங்கையும் அவருக்குத் தெரிந்திருந்தன. விரிவுரையாளருக்கும் அப்படி ஓர் அழைப்புப் போயிருக்க வேண்டும். அந்தக் கிழமை திறப்புத் தர ஏலாது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பின்னேரம் எங்களுடைய வீட்டில் செபிப்போம் என்று முடிவெடுத்தோம்.

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணை, எனக்கும் ஒரு அண்ணா இருந்தார். ஆர்மி. முகமாலைச் சண்டையில காணாமப் போனார். உடம்பு வரல்ல. நான் வந்தா அவர் பேரும் சொல்லலாமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிற்றுண்டிச்சாலையில் அவளைத் தேடிப் போய்ச் சொன்னேன். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அவன் வரட்டும். வரவேண்டாம் எண்டு நான் சொல்லேலாது. ஆனா அந்தப் பேர்... இந்தமுறை வேண்டாம். என்னாலை அதைக் கேட்டுக்கொண்டு இருக்கேலாது. கொஞ்சக் காலம் போகட்டும்."

"அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நான் சொன்னனான் எண்டே சொல்லு. ஒளிக்க வேண்டாம்."

சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. "அக்காவுக்குக் கஷ்டம். எனக்கு விளங்குது. நான் சும்மா இருக்கிறன்" என்றான்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து வட்டமாக இருந்தோம். தெருப்பக்கத்து யன்னல்களை அம்மா சாத்திவிட்டார். ஒவ்வொருவராகப் பெயர்களைச் சொன்னோம். அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். தம்பியின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவனுடைய முறை வந்தபோது மௌனம். அடுத்தவனுக்குத் தொடங்குவதா விடுவதா என்று தெரியவில்லை. அவன் குனிந்த தலை நிமிராமல் கையை அசைத்து, தொடருங்கள் என்று காட்டினான்.

செபம் முடிந்து தேநீர் குடித்ததும் அவன் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவ அம்மா இருந்த குசினிக்குள் போனான்; நானும் பின்னால் போனேன். எங்களுக்குள் நடந்த கதை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

"தம்பி, நீர் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லையே. உங்கடை வீட்டிலை ஒருத்தரையும் இழக்கேல்லையோ?"

அவன் தயங்கித் தயங்கி அண்ணாவைப் பற்றிச் சொன்னான். என் அம்மாவின் கடைசித் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கரையொதுங்கிய படகு முழுக்கச் சூட்டுத் துளைகள். ஆமி, நேவி என்ற சொற்களைக் கேட்டாலே அம்மா எழுந்து போய்விடுவார். அன்றைக்கு எழும்பவில்லை.

"கொண்ணற்றை பேர் என்ன?"

அவன் சொன்னான். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "திருப்பிச் சொல்லும்" என்றார். அவன் மெதுவாகப் பிரித்துச் சொன்னான். அம்மா சிலுவை போட்டு, அந்தப் பெயரைத் தன்னுடைய உச்சரிப்பில் சொல்லி, "ஆண்டவரே, இளைப்பாற்றியைக் கொடும்" என்றார். அவன் சுவரில் சாய்ந்து நின்று அழுதான். அப்போதுதான் வாசலில் அவள் வெறுங் கோப்பைகளோடு நிற்பதைக் கண்டேன். கோப்பைகளை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "வெள்ளிக்கிழமை நான் அவனோடை கதைக்கோணும்" என்றாள். "என்ன?" என்று கேட்டேன். "அவனுக்குத்தான் சொல்லுவன்."

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. விடுதிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"வீட்டுக்குப் பொலிஸ் வந்தது அண்ணை. மகன் யாழ்ப்பாணத்தில யாரோட பழகுறான், என்ன கூட்டத்துக்குப் போறான் எண்டு அப்பாட்டக் கேட்டாங்க. அம்மா அழுறாங்க. ஒரு மகன் போயிட்டான், நீயும் போகாதே எண்டு சொல்றாங்க."

"அக்கா உன்னோடை கதைக்க வேணுமாம்."

அவன் சுற்றிவரப் பார்த்தான். "இப்ப வேணாம். பிறகு."

அவள் அவனைத் தேடிப் போகத்தான் நின்றாள். மற்றவர்கள் மறித்தார்கள். வளாகத்தில் அவனோடு நின்று கதைத்தால் அவனுக்குத்தான் மேலும் கரைச்சல் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நடைபாதையில் கண்டால் அவன் தலையை அசைப்பான், அவளும் அசைப்பாள். அப்படியே எங்களுடைய இறுதிப் பரீட்சை வந்து, நாங்கள் வெளியேறிவிட்டோம். இப்போதும் அங்கே ஐக்கியம் இருக்கிறது. தமிழ் மாணவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், சிங்கள மாணவர்கள் வேறோரிடத்தில். ஒருமுறை என்னைப் பேச அழைத்திருந்தார்கள். ஏன் சேர்ந்து கூடுவதில்லை என்று கேட்டேன். "அப்பிடி ஒரு வழக்கம் இருந்ததே, சேர்?" என்று ஒரு பிள்ளை ஆச்சரியப்பட்டாள்.

போன வருடம் அம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு அவள் முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தது. அவன்தான். முகநூலில் அம்மாவின் படத்தைக் கண்டிருக்கிறான். "அம்மா... எனக்கும் அம்மா" என்றான். மேலே சொல்ல அவனிடம் தமிழ் இல்லை. மறந்துபோயிருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களமும் அதற்குப் போதவில்லை.

"அக்காவும் இங்கைதான் நிக்கிறா" என்று போனை அவளிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"தம்பி, சுகமா இருக்கிறியோ?... அங்கை சரியான குளிரோ?... பிள்ளையள் எத்தினை பேர்?... ஓம், ஓம். நல்லது." கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். பிறகு என்னிடம் திருப்பித் தந்தாள்.

"அண்டைக்குச் சொல்ல நினைச்சதை இப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னெண்டு? நான் இவ்வளவு காலமும் யோசிச்சு வைச்சிருந்தது ஒண்டும் அவனுக்கு இப்ப விளங்காது. குளிரோ எண்டு கேட்டதே அரைகுறையாத்தான் விளங்கினது."

பின்னேர பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டேன். யன்னலோரம் இருந்தவள் கையசைத்தாள். அவள் அவனுக்கு என்ன சொல்ல நினைத்திருந்தாள் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை.