"சாப்பிட்டியா?" என்று கேட்டவர்கள்

மூன்று மாதம் தருவதாகச் சென்னையிலிருந்த எங்கள் ஐ.டி. துறைத் தலைவர் சொன்னார். அதற்குள் அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவு ஆட்கள் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே அதை மூடிவிட்டு, அதன் பொறுப்பாளரான என்னைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

என் மகளுக்கு அப்போது ஒன்றே கால் வயது. கணவர் பெரம்பலூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவள் அந்தக் கடையில்தான், குழாய்ச் சுருளுக்குள் உட்கார்ந்து விளையாடுவாள். கடையைத் தூக்கிக்கொண்டு அவர் சென்னைக்கு வர முடியாது. குழந்தையை விட்டுவிட்டு நான் போக முடியாது. "சரி சார்" என்று போனை வைத்துவிட்டு, அந்தச் 'சரி'யைச் சொல்லியிருக்கலாமா என்று பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தேன்.

உதவியாளர் என்பது பராமரிப்பு அறைச் சுவரில் மாட்டிய ஒரு டேப்லெட். பல வருடத்துப் பழுதுப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் ஏற்றியிருந்தோம். எந்த இயந்திரம் என்று தமிழில் சொன்னால், போன தடவை என்ன கோளாறு, எதை மாற்றினார்கள் என்று சொல்லும். ஒருவரும் தொடவில்லை.

ஃபோர்மேன் திருமழபாடிக்காரர். காரணத்தை நேராகவே சொன்னார்.

"ஏம்மா, இதுகிட்ட நான் ஒண்ணு கேட்டா அது மேல போகும்ல? நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான், ஃபோர்மேனுக்கு இதுகூடத் தெரியலன்னு."

"பேரு போகாதுண்ணே. எத்தனை கேள்விங்கற கணக்கு மட்டுந்தான் போகும். என்ன கேட்டீங்கன்னு யாரும் பாக்க முடியாது."

சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. சென்னைக்குப் பேசினேன். பெயர் பதிவாகாது என்றார்கள். மறுநாள் மறுபடியும் கேட்டேன். "நேத்தே சொன்னோமே" என்றார்கள். கேள்விகள் பதிவாகுமா என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்த்த செட்டிகுளத்து அக்காவும் நானும் சேர்ந்துதான் மதியம் சாப்பிடுவோம். "என்னா மேடம், சோத்தப் பெசஞ்சுகிட்டே இருக்க? எறும்புக்கா?" என்றார் ஒருநாள். சென்னை, மூன்று மாதம், குழந்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி வத்தக்குழம்பை என் சோற்றில் ஊற்றினார்.

அடுத்த வாரமே கணக்கு ஏறியது. தினமும் முப்பது கேள்வி, நாற்பது கேள்வி. மாதம் முடிந்ததும் துறைத் தலைவரே கூப்பிட்டுப் பாராட்டினார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். "பொழைச்சோம்" என்றார் கணவர். மகள் ஜிலேபியை எனக்கு ஊட்டிவிட்டாள். பாதி வாயிலும் பாதி மூக்கிலும். அப்போதுதான் தோன்றியது: திடீரென்று எப்படி?

காலையில் ஆபீஸ் போனதும் உதவியாளரின் நிர்வாகப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஓரிடத்தில் கேள்விகள் அத்தனையும் இருந்தன. பெயர் இல்லை, ஆனால் சொல்லுக்குச் சொல், நேரத்தோடு. யாரும் பார்க்க முடியாது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று பக்கத்தை மூடப் போனேன். அதற்குள் கண் படிக்கத் தொடங்கிவிட்டது.

"வணக்கம்." "சாப்பிட்டியா?" "இன்னைக்கி என்னா கொழம்பு?" "சாப்பிட்டியா?" "உனக்குப் புள்ளகுட்டி இருக்கா?" "திருமழபாடி திருவிழாவுக்குப் போவணும், எவனும் லீவு தர மாட்டேங்கறான், நீ தருவியா?" மனிதவளப் பிரிவை அணுகவும் என்று அது மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தது.

ஆயிரத்தை நெருங்கிய கேள்விகளில் வேலைக் கேள்வி ஒன்பதுதான்.

ஸ்டோருக்கு ஓடினேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "ஷிஃப்டுக்கு ஆளுக்கு ரெண்டு கேள்வின்னு நான்தான் சொன்னேன். நீ போயிட்டீன்னா அந்தப் புள்ளைய யாரு பாக்கறது? அந்த மெட்ராசுக்காரன் கணக்குதானே கேட்டான்? குடுத்தாச்சு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த இயந்திரத்தை யாரும் நம்பவில்லை. என்னை நம்பினார்கள். அவர்களிடம்தான் தெரியாமல் பொய் சொல்லியிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இங்கேயே இருக்கலாம். இரண்டு நாள் அதையே நினைத்தேன். துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன், அழித்தேன். மூன்றாம் நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் பராமரிப்பு அறையில் இருக்கும்போது போய் நின்றேன்.

"யாரும் பாக்க முடியாதுன்னு சொன்னேன். தப்பு. கேள்வியெல்லாம் பதிவாவுது. நானே படிச்சுட்டேன். பதிவாவறத நிறுத்தச் சொல்லிக் கேக்கப் போறேன். உண்மையான கணக்கையும் சென்னைக்கு எழுதப் போறேன்."

ஃபோர்மேன் என்னையே பார்த்தார்.

"நான் கேட்டதையுமா படிச்ச?"

"பேரு இல்லண்ணே. ஆனா திருமழபாடிக்கு லீவு கேட்டது யாருன்னு தெரிஞ்சுது."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. "இதுகிட்டயுமா லீவு கேட்டீரு?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "குடுத்தாத்தான் தேவலயே" என்றார் ஃபோர்மேன். சிரித்து முடித்ததும் என்னிடம், "போயி எழுதும்மா. மறைக்காம எழுது" என்றார்.

எழுதினேன். சென்னையிலிருந்து போன் வந்தது.

"இத நான் மேல எப்படிக் காட்டறது?"

"ஒன்பதுன்னே காட்டுங்க சார்."

"அந்த ஒன்பது என்ன?" என்றார். படித்துக் காட்டினேன். ஒன்பதும் ஒழுங்கான கேள்விகள். யாரோ ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டவை. கேள்விகளைச் சேமிப்பதை நிறுத்தச் சம்மதித்தார். இனி வேலைக் கேள்வியா இல்லையா என்று மட்டும் அதுவே எண்ணிக்கொள்ளும். மீதியிருக்கும் ஒரு மாதத்தில் வேலைக் கேள்விகளை மட்டும் வைத்து முடிவெடுப்பதாகச் சொன்னார்.

சேமிப்பை நிறுத்திய அன்று, காலியான அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டினேன். ஃபோர்மேன் டேப்லெட் முன்னால் போய் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "பக்கெட் எலிவேட்டர் மேல சத்தம் வருது. போன தடவ என்னா பண்ணுனோம்?" என்றார்.

கல்மாவை மேலே தூக்கும் அந்த இயந்திரத்தின் மேல் தண்டில் பேரிங் மாற்றப்பட்டது என்றது அது.

"பொய்யி. போல்ட்டுதான் முடுக்குனோம்."

அது பதிவேட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டியது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார்.

"ஏங் கையெழுத்துதான்" என்றார். பிறகு, "அப்பெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

அடுத்த கேள்வியில் அது கல்லுடைக்கும் கிரஷரையும் கல்லைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டையும் குழப்பிக்கொண்டது. அதில்தான் அவருக்குப் பரம சந்தோஷம். பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே தப்பு என்று அதற்கு விளக்கினார். மற்றவர்களும் சுற்றி நின்று ஆளுக்கொன்றாகத் திருத்தினார்கள். அந்த மாதம் முழுக்கப் பாதி நேரம் அதைத் திட்டினார்கள், மீதி நேரம் கேட்டார்கள். சரியாகச் சொன்னாலும் பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.

மாதக் கடைசியில் துறைத் தலைவர் பேசினார். மொத்தக் கணக்கு முன்பைவிட மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே வேலைக் கேள்விகள். உதவியாளர் அரியலூரிலேயே இருக்கும், நானும் இருப்பேன் என்றார். என் காதை நம்பாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பராமரிப்பு அறைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். ஃபோர்மேன் டேப்லெட்டைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"அப்ப சிமெண்ட் அரைக்கற மில்லுப் பக்கமும் இது மாதிரி ஒண்ணு மாட்டச் சொல்லும்மா. அந்தப் பயலுவளும் இங்க வந்து நிக்கறானுவ, எனக்கு முறையே வர மாட்டேங்குது."